"லைசென்ஸ் முடியப் போகுது"ன்னு விண்டோஸ் மிரட்டுது, செகண்ட்ஹேண்ட் லேப்டாப், என்ன பண்ணலாம்?

கடைக்காரன்77

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு விருத்தாசலம் பக்கம் சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை. டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன், பத்திரிகை டிசைன்னு ஏதோ ஓடுது. போன வருஷம் ஆடியில ஒரு செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்குனேன், ஐ5 எட்டாவது ஜெனரேஷன், 8 ஜிபி ராம், 19 ஆயிரம். விண்டோஸ் ஒரிஜினல்தானேன்னு கேட்டேன், "அண்ணே பக்கா ஒரிஜினல், உங்களுக்காக ப்ரோவே போட்டிருக்கேன்"னாரு, ஆபீஸும் சேத்துப் போட்டாரு அதுக்குன்னு தனியா காசு கேக்கல, நானும் தங்கமான மனுஷன்னு நெனச்சிட்டு வந்துட்டேன்.

இப்ப பத்து நாளா வேலை பாக்க விடல. திடீர் திடீர்னு ஸ்கிரீன் குறுக்க ஒரு நீலப் பட்டை, உங்க விண்டோஸ் லைசென்ஸ் சீக்கிரம் முடியப் போகுது செட்டிங்ஸ்ல போய் ஆக்டிவேட் பண்ணுங்கன்னு. மூடுனா கொஞ்ச நேரத்துல மறுபடி வருது. வேர்டு தொறந்தா அதுல வேற உங்க லைசென்ஸ் ஒரிஜினல் இல்லன்னு ஒரு பட்டை. நேத்து பயோடேட்டா அடிக்க வந்த காலேஜ் பொண்ணு பாத்துட்டு "அண்ணா திருட்டு விண்டோஸா"ன்னு சிரிச்சிட்டுப் போகுது, மானமே போச்சு.

செட்டிங்ஸ்ல எஃப்074ன்னு முடியுற ஒரு எரர் காட்டுது. வித்தவருக்கு நாலு தடவை அடிச்சு அஞ்சாவது தடவை எடுத்தாரு, கொண்டு வாங்க 500 ரூபா குடுத்தா திரும்ப ஆக்டிவேட் பண்ணித் தரேங்கிறாரு. கொண்டு போகவா? தேதி முடிஞ்சா லாக் ஆயிடுமா, உள்ள இருக்கற ஃபைல் எல்லாம் போயிடுமா? அதுதான் பயமே.

ஓசி_மன்னன்

500லாம் எதுக்கு தல, நெட்ல ஆக்டிவேட்டர் (லைசென்ஸ் இல்லாமயே விண்டோஸை ஆக்டிவேட் பண்ற சாஃப்ட்வேர்) கெடைக்குது, விண்டோஸோட வர்ற ஆன்டிவைரஸ் டிஃபெண்டரை ஆஃப் பண்ணிட்டு ஒரு கிளிக், ரெண்டு நிமிஷ வேலை. நான் விண்டோஸ் 7 காலத்துல இருந்தே அப்டித்தான் ஓட்டிட்டிருக்கேன்.

பழைய மதர்போர்டு

கடைக்கார அண்ணே, மொதல்ல மூச்சு விடுங்க. தேதி முடிஞ்சாலும் ஃபைல் ஒண்ணும் அழியாது லாக்கும் ஆகாது. வலது மூலையில விண்டோஸை ஆக்டிவேட் பண்ணுங்கன்னு மங்கலா எழுத்து வரும், வால்பேப்பர் கலர் இதெல்லாம் மாத்த விடாது, அவ்ளோதான். எக்ஸ்பி, 7 காலத்துல டெஸ்க்டாப்பையே கறுப்பாக்கிடுவான், நாம வால்பேப்பர் மாத்துனா அவன் திரும்பக் கறுப்பாக்குவான், விண்டோஸ் 7ல மூலையில 7601ன்னு ஒரு பில்ட் நம்பர் வேற, பாத்தவங்களுக்குத் தெரியும். இப்ப அந்த அளவுக்கு இல்ல.

ஆனா "சீக்கிரம் முடியப் போகுது"ங்கற வார்த்தைதான் முக்கியம். வீட்டுக்கு வாங்குற லைசென்ஸுக்கு முடியுற தேதியே கெடையாது. தேதி இருந்தா அது கம்பெனிகளுக்குத் தர்ற வால்யூம் லைசென்ஸ் வழியா ஆக்டிவேட் ஆனதுன்னு அர்த்தம். பெரிய ஆபீஸ்ல கேஎம்எஸ்னு ஒரு சர்வர் இருக்கும், அங்க இருக்கற கம்ப்யூட்டர் எல்லாம் அதுகிட்ட போய்க் கையெழுத்து வாங்கணும், ஒரு கையெழுத்து 180 நாள் செல்லும், 7 நாளுக்கு ஒருக்கா புதுப்பிக்கும். எஃப்074ங்கற எரருக்கும் அந்த சர்வரைத் தொடர்பு கொள்ள முடியலன்னுதான் அர்த்தம். உங்க ஜெராக்ஸ் கடையில ஏது அந்த சர்வர்?

ரெண்டு விஷயம் பாத்துச் சொல்லுங்க. ஸ்டார்ட்ல சிஎம்டின்னு தேடி அதுல எஸ்எல்எம்ஜிஆர், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், டிஎல்வி (எல்லாம் இங்கிலீஷ் எழுத்துலதான்) அடிச்சு என்டர் தட்டுங்க. ஒரு பெட்டி வரும், அதுல சேனல்னு ஒரு வரியும் கேஎம்எஸ் மெஷின்னு ஒரு வரியும் என்ன இருக்குன்னு போடுங்க. அப்பறம் லேப்டாப்பைத் திருப்பி அடியில விண்டோஸ் ஸ்டிக்கர் ஏதாவது ஒட்டியிருக்கான்னு பாருங்க, நம்பர் இல்லாட்டியும் பரவால்ல.

@ஓசி_மன்னன், எது செஞ்சாலும் டிஃபெண்டரை ஆஃப் பண்ணிட்டு செய்ங்கற ஒரு சாஃப்ட்வேரை ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்ல போடச் சொல்றீங்களே. ஊர்ல பாதிப் பேரோட ஆதார், பாஸ்புக், பத்திரம் எல்லாம் ஸ்கேன் ஆகி அதுக்குள்ளதான் கெடக்கும்.

கடைக்காரன்77

பாத்தேன் சார். சேனல்ல வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட்னு இருக்கு. மெஷின் அட்ரஸ் 127ல ஆரம்பிக்குது. அடியில குட்டியா ஒரு விண்டோஸ் ஸ்டிக்கர், தேஞ்சு போயிருக்கு, நம்பர் எல்லாம் ஒண்ணும் இல்ல.

இன்னொண்ணும் ஞாபகம் வருது. டிசம்பர்ல பையன் லீவுக்கு வந்தப்ப டிஃபெண்டர் ஆஃப்லயே இருக்கேப்பான்னு ஆன் பண்ணி ஃபுல் ஸ்கேன் விட்டான், ஆட்டோகேஎம்எஸ்னு ஒண்ணு சிக்குச்சு. வைரஸ் ஒழிஞ்சுதுன்னு ரெண்டு பேரும் சந்தோஷமா டெலீட் பண்ணோம்.

பழைய மதர்போர்டு

கதை முடிஞ்சுது. 127ல ஆரம்பிக்கற அட்ரஸ்னா அது உங்க லேப்டாப்பேதான், வெளிய எங்கயும் போகல. அதாவது வித்தவர் போட்ட ஆக்டிவேட்டர் உள்ளுக்குள்ளயே ஒரு போலி சர்வரை ஒக்கார வெச்சிருக்கு, நம்ம அட்டெண்டன்ஸை நாமளே எடுத்துக்கிட்டு நாமளே உள்ளேன் ஐயா சொல்ற மாதிரி. டிசம்பர்ல பையன் அதைத் தூக்கிட்டான். அதுக்கு முன்னாடி கடைசியா போட்ட கையெழுத்து 180 நாள் தாங்குச்சு, டிசம்பருக்கு மேல ஆறு மாசம் எண்ணுங்க, ஜூன். அதான் இப்ப அலறுது. பையன் செஞ்சது சரிதான்.

இப்ப நல்ல சேதி. நம்பர் இல்லாத அந்த ஸ்டிக்கர் இருக்கே, விண்டோஸ் 8 வந்த 2012ல இருந்து லேப்டாப் கம்பெனிங்க கீயை (விண்டோஸோட லைசென்ஸ் நம்பர்) ஸ்டிக்கர்ல எழுதறதில்ல, மதர்போர்டுல இருக்கற பயாஸ்குள்ளயே பதிச்சு அனுப்பறாங்க. மதர்போர்டு மாத்தாம இருந்தா உங்க லேப்டாப்புக்குள்ள ஒரிஜினல் கீ தூங்கிட்டுத்தான் இருக்கும். நம்ம ஊர்ல வர்ற வீட்டு லேப்டாப்ல பெரும்பாலும் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்ங்கற எடிஷன்தான் (ஒரே மொழி இருக்கற வீட்டு விண்டோஸ்) இருக்கும். அந்தப் புண்ணியவான் காசு குடுத்து வாங்குன ஹோமை அழிச்சிட்டு மேல திருட்டு ப்ரோவைப் போட்டு உங்களுக்கு "உபகாரம்" பண்ணியிருக்காரு. ப்ரோவுல இருந்து ஹோமுக்கு கீயை மட்டும் மாத்தி எறங்க முடியாது, சுத்தமா அழிச்சுத்தான் போடணும்.

எப்படியும் போடப் போறீங்க, விண்டோஸ் 11ஆவே போட்டுடுங்க. 10க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, எட்டாவது ஜெனரேஷன் ஐ5 பொதுவா 11 தாங்கும், பயாஸ்ல டிபிஎம்ங்கற பாதுகாப்பு சிப் ஆன்ல இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க. 10க்குப் பதிச்ச கீயே 11க்கும் செல்லும். மைக்ரோசாஃப்ட் சைட்லயே மீடியா கிரியேஷன் டூல் இருக்கு, 8 ஜிபி பென்டிரைவ் போதும், வேற எந்த சைட்லயும் எறக்காதீங்க. பயாஸ்ல கீ இருந்தா இன்ஸ்டால் ஆகும்போது எந்த எடிஷன்னே கேக்காது, அதுவா ஹோமை எடுத்துக்கும். ஒருவேளை கீ கேட்டா அங்கயே நிறுத்திட்டு இங்க வந்து சொல்லுங்க.

அழிக்கறதுக்கு முன்னாடி டேட்டா எல்லாத்தையும் எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி பண்ணி, வேற கம்ப்யூட்டர்ல ரெண்டு ஃபைலைத் தொறந்து பாத்துட்டு, டிஸ்கைக் கழட்டி வெச்சிட்டு அப்பறமா அழிங்க. டைப்பிங் கடைக்காரங்க எல்லாரும் மறக்கறது ஃபான்ட். ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல இருக்கற பாமினியையும் மத்த தமிழ் ஃபான்ட்டையும் எடுத்து வெச்சுக்கங்க, இல்லாட்டி பழைய பத்திரிகை ஃபைல் எல்லாம் இங்கிலீஷ் கிறுக்கலாத்தான் தொறக்கும்.

கொங்கு குசும்பன்

நடுவுல வர்றதுக்கு மன்னிக்கோணும். யாராவது கீ வாங்கிக்கலாம்னு நெனச்சா என் கதையைக் கேட்டுட்டுப் போங்க. ஆன்லைன்ல 399 ரூபாய்க்கு "லைஃப்டைம் ப்ரோ கீ"ன்னு ஒண்ணு வாங்குனனுங்க, பில்லு கூட இல்ல, வாட்சப்ல நம்பர் மட்டும் வந்துச்சு. எட்டு மாசம் நல்லாத்தான் ஓடுச்சு. ஒரு நாள் காலையில கீ பிளாக் ஆயிருச்சுன்னு காட்டுது. எங்கயோ ஒரு கம்பெனிக்குக் குடுத்த கீயை ஊருக்கெல்லாம் பிரிச்சு வித்திருக்கான். அந்த வாட்சப் நம்பர்ல இப்ப போட்டோவே இல்ல, ஒரே டிக்குதான். லைஃப்டைம்னு சொன்னது யாரோட லைஃப்னு கேக்காம விட்டது என் தப்புங்க.

பெங்குயின் பித்தன்

விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கெடைக்கற லினக்ஸ் மிண்ட் போட்டா ஆக்டிவேஷன்ங்கற பேச்சே இல்ல. யோசிங்க.

கடைக்காரன்77

@பெங்குயின், ஆசைதான் தம்பி, ஆனா நமக்குச் சோறு போடறது பத்திரிகை டிசைன் பண்ற பேஜ்மேக்கர் 7. அது அங்க ஓடுமா?

பெங்குயின் பித்தன்

சரி அதை விடுங்க. 😅 அந்தப் பேஜ்மேக்கருக்கு மட்டும் பில்லு இருக்குமாக்கும்!

தூங்காநகரத்தான்

இது இன்னொரு வகை, எங்க அப்பாவுக்கு நடந்தது. பிரவுசர்ல ஏதோ படிச்சிட்டிருந்தாரு, ஸ்கிரீன் முழுக்க செவப்பா, உங்க விண்டோஸ் போலி, லாக் செய்யப்பட்டது, ஒடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கன்னு ஒரே சைரன் சத்தம். பதறிப் போய் போன் பண்ணிட்டாரு. அவன் பேசிப் பேசியே, தூரத்துல இருந்தே நம்ம கம்ப்யூட்டரை இயக்க விடற எனிடெஸ்க் சாஃப்ட்வேரைப் போட வெச்சுட்டான், நல்லவேளை நான் உள்ள வந்து நெட்டைப் புடுங்குனேன். கடைக்கார அண்ணனுக்கு வந்தது உண்மையான எச்சரிக்கை, அதுல செட்டிங்ஸ் போன்னுதான் வரும். மைக்ரோசாஃப்ட் காட்டுற எச்சரிக்கையில போன் நம்பர் வரவே வராது. நம்பர் இருந்தா திருடன்தான், பிரவுசரை மூட முடியலன்னா டாஸ்க் மேனேஜர்ல போய் மூடுங்க. பணம் போயிருந்தா ஒடனே சைபர் கிரைம் உதவி எண் 1930க்கு அடிங்க, எவ்ளோ சீக்கிரம் அடிக்கறமோ அவ்ளோ நல்லது.

கடைக்காரன்77

ரெண்டு நாள் கழிச்சு வர்றேன். ஞாயித்துக்கிழமை கடையச் சாத்திட்டு ஒக்காந்தேன். பதிவுல சொன்ன மாதிரியே எடிஷன் எதுவும் கேக்கல. நெட் கேட்டுச்சு, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் கேட்டுச்சு, பையனோட மெயிலைக் குடுத்தேன். எல்லாம் முடிச்சு ஆக்டிவேஷன் பக்கத்தைத் தொறந்தா, ஆக்டிவ்னு பச்சை டிக், டிஜிட்டல் லைசென்ஸ்னு கீழ எழுதியிருக்கு, விண்டோஸ் 11 ஹோம் சிங்கிள் லாங்குவேஜ். அஞ்சு பைசா செலவில்ல. இவ்ளோ நாளா சட்டைப் பையில பணத்தை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் கடன் கேட்ட கதை.

வித்தவருக்கு போன் போட்டு சொன்னேன், "அப்படியா அண்ணே, எனக்கே தெரியாதே"ங்கிறாரு. வெச்சுட்டேன்.

எம்எஸ் ஆபீஸுக்குப் பதிலா இப்போதைக்கு இலவச லிப்ரே ஆபீஸ் போட்டிருக்கேன். பயோடேட்டா, லெட்டர் எல்லாம் பரவால்ல, ஆனா பழைய வேர்டு ஃபைல்ல டேபிள் கட்டம் எல்லாம் எடம் மாறுது. அதுக்கு ஏதாவது வழி இருக்கா?

பழைய மதர்போர்டு

சந்தோஷம் அண்ணே. கட்டம் மாறறது பெரும்பாலும் ஃபான்ட் இல்லாததாலதான். ஃபைல்ல இருக்கற ஃபான்ட் கம்ப்யூட்டர்ல இல்லன்னா அது வேற ஒண்ணைப் போட்டுக்கும், அகலம் மாறும், கட்டம் ஓடும். எடுத்து வெச்ச ஃபான்ட் எல்லாத்தையும் திரும்பப் போட்டீங்களா பாருங்க. அப்பறம் அந்த ஆக்டிவேட்டர் இருந்த காலத்துல பிரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டு எல்லாத்தையும் இன்னைக்கே மாத்திடுங்க, பேங்க், மெயில், அப்ளிகேஷன் சைட் லாகின் எதையும் விடாதீங்க.

கடைக்காரன்77

பாமினியை மட்டும்தான் போட்டேன், மத்ததை மறந்துட்டேன். நாளைக்குப் போட்டுப் பாக்கறேன். பாஸ்வேர்டு நோட்டு கடையில இருக்கு, காலையில போன ஒடனே மொத வேலை அதான்.

ஓசி_மன்னன்

பழைய மதர்போர்டு சார், ஒரு டவுட்டு. என் லேப்டாப் அடியிலயும் அதே மாதிரி நம்பர் இல்லாத ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கு…