சீமைக்கருவேலம் அகற்றிய கண்மாய்: செடிகளின் மாற்றத்தை எப்படிப் பதிவுசெய்வது?

கேள்வி – தாவரவியல் மாணவி, காரைக்குடி

வணக்கம். கல்லல் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாயின் உள்வாயில் (கரைக்கு உட்புறம் தண்ணீர் தேங்கும் பரப்பில்) மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தைச் சென்ற கோடையில் இயந்திரம் வைத்து அகற்றினார்கள். ஐப்பசி மழைக்குப் பிறகு கோரையும் துத்தியும் ஆவாரையும் தலைகாட்டியுள்ளன. ஆனால் அவற்றினிடையே சீமைக்கருவேலமும் நெருக்கமாக முளைத்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பே சுத்தம் செய்யப்பட்ட வேறு கண்மாய்களிலும் செடிகளை ஒருமுறை எண்ணி, அகற்றிய ஆண்டுவாரியாக வரிசைப்படுத்தினால், பத்தாண்டு மாற்றத்தை ஓராண்டிலேயே ஆய்வேட்டில் காட்டிவிடலாம் என்று எண்ணுகிறேன். இது சரிவருமா?

மறுமொழி – ஓய்வுபெற்ற பேராசிரியர், தேவகோட்டை

அம்மா, அந்த வரிசை செல்லுபடியாக வேண்டுமானால் எல்லாக் கண்மாய்களும் ஒரே நிலையிலிருந்து புறப்பட்டிருக்க வேண்டும். ஒன்று சரளைத் தரை, மற்றொன்று களிமண். ஒன்றில் தண்ணீர் தை வரை நிற்கும், மற்றொன்றில் கார்த்திகையிலேயே வற்றிவிடும். காலத்தால் வந்த வேறுபாடு எது, இடத்தால் வந்தது எது என்று பின்னர் பிரிக்க முடியாது. மேலும், ஒருமுறை எண்ணினால் கிடைப்பது தொகை மட்டுமே. நூறு கன்றுகள் சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் இருந்தால், அவை அதே நூறா, பழையன மடிந்து புதியன வந்த நூறா என்பது செடிக்குச் செடி எண்ணிட்டுத் தொடர்ந்தால்தான் விளங்கும். முதுமலையில் இந்திய அறிவியல் நிறுவனத்தார் 1988 முதல் 50 ஹெக்டேர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விட்டமுள்ள ஒவ்வொரு மரத்தண்டையும் அவ்வாறுதான் கவனித்து வருகிறார்கள். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் புல்வெளி ஆய்வு 1856இல் தொடங்கி இன்றும் நடக்கிறது. உங்களுக்கு, தரையில் மூலைகளைக் குறித்துவைத்து மீண்டும் மீண்டும் அதே இடத்தில் எண்ணுவதற்கான இருபது சிறு சதுரங்கள் போதும்.

மறுமொழி – கண்மாய்ப் பாசன விவசாயி, திருப்பத்தூர்

ஐயா சொல்வதுடன் கிடையையும், அதாவது ஆடுகளை இரவில் அடைத்துவைக்கும் இடத்தையும், சேர்த்துக்கொள்ளுங்கள். கோடையில் ஆடுகள் சீமைக்கருவேல நெற்றைத் தின்கின்றன; கடினமான தோலுடைய விதைகளில் ஒரு பகுதி செரிக்காமல் புழுக்கையோடு வெளிவருகிறது. கீதாரிகள் (ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள்) கிடை போட்ட இடத்தில் மழைக்குப் பிறகு நாற்றங்கால் போலக் கன்றுகள் நிற்கும். இன்னொன்று, கன்று என்று நீங்கள் எண்ணுவதில் பாதி கன்றே அன்று. அடிமண்ணை விரலால் விலக்கினால், விதையில் வந்தது மெல்லிய ஆணிவேருடன் இருக்கும். வெட்டுப்பட்ட தூரிலிருந்து துளிர்த்தது கட்டைவிரல் பருமனான பழைய வேர்க்கட்டையில் ஒட்டியிருக்கும். பின்னது எளிதில் சாகாது.

மறுமொழி – சூழலியல் ஆய்வாளர், சிவகங்கை

அப்படியானால் துளிரையும் கன்றையும் அட்டவணையில் தனித்தனிப் பத்தியில் எழுதுவது கட்டாயம். ஆனால் பேராசிரியரின் கண்டிப்பில் எனக்கு முழு உடன்பாடில்லை. இரண்டாண்டுப் படிப்பில் நீண்டகால ஆய்வுக்கு வாய்ப்பு ஏது? பழைய கண்மாய்களை விட்டுவிடாமல், ஒவ்வொன்றிலும் நிலையான சதுரங்களை அமைத்து ஆண்டுக்கு இருமுறை எண்ணுங்கள். முந்தைய நிலையை லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களில் சரிபார்க்கலாம்: மற்றவை காய்ந்துவிடும் வைகாசியில் உள்வாயில் தெரியும் பச்சை பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான். ஒரு புள்ளியே முப்பது மீட்டர் அகலமுள்ள அந்தப் படங்களில் கன்றுகள் தெரியா. மரக்கூட்டம் எந்த ஆண்டு மறைந்தது என்பது தெரியும்.

மாணவி

மிக்க நன்றி. சதுர மூலைகளில் நட்ட குச்சிகளை விறகுக்கு எடுத்துச் சென்றுவிடுகிறார்கள், என்ன செய்யலாம்?

விவசாயி

இரும்புக் கம்பியைத் தரைமட்டத்துக்கு அறைந்துவிட்டு, கலுங்கிலிருந்தும் (உபரிநீர் வழியும் கட்டுமானம்) மடையிலிருந்தும் (பாசனநீர் திறக்கும் வாய்) நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வண்டல் மூடினாலும் அளவை வைத்துத் தோண்டி எடுத்துவிடலாம்.