திருகோணமலையில் கண்ட செம்மஞ்சள் முதுகு மரங்கொத்தி எது?

கேள்வி (திருகோணமலை)
வணக்கம். எங்கள் வளவில் பட்டுப்போன தென்னையொன்றில் மூன்று நாட்களாக ஒரு மரங்கொத்தி பொந்து குடைகிறது. அதன் முதுகு யாழ்ப்பாணத்தில் நான் பார்த்துப் பழகிய பொன்னிறமும் அல்ல, கண்டிப் பக்கத்துச் சிவப்பும் அல்ல. கனிந்த பனம்பழத்தின் சதையைப் போன்ற செம்மஞ்சள். இலங்கைக்கே உரிய பெரிய செம்முதுகு மரங்கொத்தி என்று முதல் நாளே குறித்துவிட்டேன். படத்தைப் பெரிதாக்கியபோது அலகு கருமையாக இருந்ததால் இப்போது ஐயமாக உள்ளது. முன்னுச்சியில் கருமைமேல் வெண்புள்ளிகள். பின்கொண்டை மட்டும் சிவப்பு.

பதில் 1
உங்கள் ஐயம் சரியானதே. பெரிய செம்முதுகு மரங்கொத்தியின் அலகு தந்தம்போல் வெளிறியிருக்கும், கண்ணும் வெளிர்மஞ்சளாக இருக்கும். அதன் பெட்டைக்குக் கொண்டையில் சிவப்பே கிடையாது. நீங்கள் பார்த்தது சிறிய இனத்துப் பெட்டை. கண்ணை முதலில் பறிப்பது முதுகின் நிறம் என்பதால் பலரும் இதில் தவறுகிறோம். தயவுசெய்து அலகு, கண், உச்சந்தலை ஆகியவற்றைப் பார்த்த பிறகே முதுகுக்கு வாருங்கள்.

பதில் 2
மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சிறிய இனத்தில் வடக்கே பொன்முதுகும் தெற்கே செம்முதுகும் வாழ்கின்றன. புத்தளம், கெக்கிராவ, திருகோணமலைப் பகுதிகளில் அவை கலந்து குஞ்சு பொரிப்பதால் இடைப்பட்ட நிறங்கள் தோன்றுகின்றன. நெடுங்காலம் இரண்டையும் ஒரே இனத்தின் கிளைகளாகவே கொண்டிருந்தார்கள். உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு செம்முதுகைத் தனி இனமாகக் கொள்வதற்கு வலுச் சேர்த்தது. உங்கள் ஊர் அந்தக் கலப்பு எல்லையிலேயே இருக்கிறது.

பதில் 3
கலப்பு என்று முடிவெடுக்குமுன் ஒரு வார்த்தை. வட அமெரிக்காவின் ஃபிளிக்கர் மரங்கொத்தியில், மஞ்சள் இறகு வகையைச் சேர்ந்த சிலவற்றுக்கு ஆங்காங்கே சிவப்பு இறகுகள் முளைத்திருப்பதைக் கண்டு, மேற்கிலுள்ள சிவப்பு வகையோடு கலந்ததால் வந்தது என்றே பலர் நம்பினர். இறகுகளைச் சோதித்தபோது, பிற நாட்டிலிருந்து வந்து பரவிய ஹனிசக்கிள் புதரின் பழங்களிலுள்ள ரோடோசாந்தின் என்னும் நிறமி, இறகுதிர்க்கும் காலத்தில் புதிய இறகுகளில் ஏறியிருந்தது தெரிந்தது. ஆகவே உங்கள் பறவையின் நிறம் முதுகெங்கும் சீராக உள்ளதா, சில இறகுகளில் மட்டும் திட்டாக உள்ளதா என்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை ஒரு மணிநேரம் வேலியோரம் நின்று பார்த்தேன். திட்டுகள் இல்லை, தோள் முதல் சிறகு மடிப்பு வரை ஒரே சீரான செம்மஞ்சள். ‘சிறிய இனம், பெட்டை, இடைநிறம்’ என்று குறிப்பைத் திருத்திவிட்டேன். ஏழு மணியளவில் அதன் சேவலும் வந்து பொந்துக்குள் தலையை நுழைத்தது. அதன் முதுகு தனிச்சிவப்பு. குஞ்சுகள் வெளிவரும்வரை அந்தத் தென்னையை வெட்ட வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.