மகளிர் தினத்துக்கு எங்கள் ஊர்ப் பெண்களைக் கௌரவிக்கப் போகிறோம், எப்படிச் செய்யலாம்?

கண்மாய்க்கரை:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு சின்ன வாசகர் வட்டம் இருக்கிறது. மார்ச் 8 அன்று எங்கள் ஊரிலேயே கஷ்டப்பட்டு நிமிர்ந்த ஐந்து பெண்களை மேடையேற்றி மரியாதை செய்யலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கையில் 15,000 ரூபாய்தான். முதல் பெயர் எங்கள் தெருமுனை இட்லிக் கடை அக்கா. வீட்டுக்காரர் இறந்தபோது கைக்குழந்தையோடு நின்றவர், அந்தக் கடையை வைத்தே இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்துவிட்டார். எங்கள் குழுவில் ஒருவர், அவர் பட்ட பாட்டையெல்லாம் விரிவாகச் சொல்ல வேண்டும், கூட்டமே கண் கலங்க வேண்டும் என்கிறார். எனக்கு என்னவோ அது சரியாகப் படவில்லை, ஆனால் ஏன் என்று எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. இப்படி விழா நடத்தியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

அழகர்மலை அடிவாரம்:
தம்பி, நல்ல காரியம், விட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கத்துப் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2001இல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார், எல்லோருக்கும் நினைவிருப்பது அந்தப் படம்தான். அதற்கு முன்னால் அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. பள்ளிக்கூடம் போகாதவர், கூலி வேலைக்குப் போனவர், நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் சேர்த்துப் போகும் கொத்துக்குத் தலைவியாக இருந்து நிலக்காரர்களிடம் கூலி பேசியவர். அப்புறம் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுவை ஊர் ஊராகக் கொண்டுபோனார். வட்டிக்காரனிடம் மாட்டிக்கொண்ட எத்தனையோ வீடுகள் அதனால் மூச்சு விட்டன. சொல்ல வேண்டியது இந்த வேலையை. 2019இல் பத்மஸ்ரீயும் வந்தது. இவ்வளவுக்கும் பிறகு, தருவதாகச் சொன்ன வீடு இன்னும் வரவில்லை என்று 2024இல் அவரே வாய் திறந்து சொல்ல வேண்டியிருந்தது, அதன் பிறகுதான் மாநில அரசு வீடு கட்டித் தருவதாக அறிவித்தது. அதைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் மேடை போடுவதற்கு முன்னால் அந்த ஐந்து பேர் வீட்டுக்கும் போய், என்ன குறை, எந்த மனு நிலுவையில் கிடக்கிறது என்று கேளுங்கள்.

பீடித்தட்டு:
எங்கள் அம்மாவை ஒரு விழாவில் இப்படிக் கௌரவித்தார்கள், நான் அப்போது பத்தாம் வகுப்பு. தென்காசிப் பக்கம், அம்மா பீடி சுற்றுபவர். மடியில் தட்டு, அதில் தூள், பக்கத்தில் ஈரத்துணியில் சுற்றிய இலை, கத்தரி. பேசிக்கொண்டே இருப்பார், விரல் பாட்டுக்கு ஓடும். ஆயிரம் பீடி முடித்தால்தான் அன்றைக்குக் கணக்கு. அந்த வேகத்தைப் பற்றி மேடையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி, சிறப்பு விருந்தினர் வர ஒன்றரை ஆகிவிட்டது, அதுவரை ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக்கூட அம்மா கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஒலிபெருக்கியில் "கணவனால் கைவிடப்பட்ட" என்று ஆரம்பித்தார்கள். என் தம்பியோடு படிக்கும் பையன்கள் எல்லாரும் முன்வரிசையில். பேருந்தில் வீடு வந்து சேரும்வரை அம்மா பேசவே இல்லை. அந்தப் பொன்னாடை இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது. அண்ணா, உங்களுக்குச் சரியாகப் படாதது இதுதான் என்று நினைக்கிறேன். அக்காவிடம் கேட்காமல் அவர் கதையை யாரும் எடுக்கக் கூடாது.

நாகைத் தோழர்:
மேலே தங்கை எழுதியதைப் படித்துவிட்டு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசையில் வைத்துக் கொளுத்திய பிறகு இந்தப் பக்கம் வந்து தங்கியவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். நிலமில்லாத கூலிக் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க 1981இல் அவரும் கணவர் ஜெகந்நாதனும் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நிலத்தைப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தார்கள். பத்திரத்தில் தன் பெயர் இருக்கும் பெண்ணிடம் ஊர் பேசும் பேச்சே வேறு, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்கள் 15,000இல் கேடயம், பேனர் செலவைக் குறையுங்கள். ஐந்து பேரில் யாருக்காவது விதவை ஓய்வூதியமோ பட்டாவோ இழுத்துக்கொண்டிருந்தால், திங்கள்கிழமை குறைதீர் நாளுக்கு மனு எழுதிக்கொண்டு கூடவே போங்கள். கூலி வேலை செய்பவர் என்றால் விழா நாளில் போகும் அன்றைய கூலியையும் கொடுத்துவிடுங்கள்.

கண்மாய்க்கரை:
எல்லோருக்கும் நன்றி. பீடித்தட்டு தங்கை, உங்கள் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். இன்று காலை ஐந்தரைக்கே அக்கா கடைக்குப் போனேன். முதல் ஈடு இறக்கிக்கொண்டிருந்தார். துணியில் தண்ணீர் தெளித்து இட்லியை எடுத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "வர்றேன் தம்பி, ஆனா காலையில வைக்காத, சாயங்காலம் நாலு மணிக்கு வை" என்றார். மேடையில் என்னக்கா சொல்லட்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அவர் செத்ததையெல்லாம் சொல்ல வேண்டாம். இத்தனை வருசத்துல ஒரு நாள்கூட முந்தாநாள் மாவை ஊத்துனது இல்ல, அதைச் சொல்லு" என்றார். விழாவை நாலு மணிக்கு மாற்றிவிட்டோம். மற்ற நான்கு பேரையும் நாளைக்குப் போய்ப் பார்க்கிறோம்.