நற்கருணை வரிசையில் நீட்டிய கைகள்

ஆற்றங்கரை:
என் அப்பா சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்ற புராட்டஸ்டன்ட் சபையில் நாற்பது ஆண்டுகள் பாடகர் குழுவில் இருந்தவர். நான் வாழ்க்கைப்பட்டது ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) குடும்பத்தில். நற்கருணையை, அதாவது கிறிஸ்துவின் உடலாகத் தரப்படும் அப்பத்தை, என் மகன் முதன்முதலாகப் பெற்ற அன்று அப்பாவும் வரிசையில் வந்து நின்றார். அப்பத்தைத் திராட்சை இரசத்தில் தோய்த்து நாவில் தரும் திருநாள் பூசை அது. முன்னால் சென்றவர்கள் எல்லாரும் வாயைத் திறக்க, இவர் மட்டும் தம் சபை வழக்கப்படி இடக்கையின்மேல் வலக்கையை வைத்து நீட்டினார். அந்தக் கைகளைப் பார்த்ததுமே இவர் கத்தோலிக்கர் அல்லர் என்று குருவானவருக்குப் புரிந்துவிட்டது. நற்கருணை தராமல், தலையில் கை வைத்து ஆசீர்வதித்து அனுப்பினார். விரித்த கைகளை மூடாமலே அப்பா இருக்கைவரை நடந்து வந்தார். அவருடைய விசுவாசத்தை அளக்க அந்தக் குருவானவர் யார் என்று இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறைக்கல்வி ஆசிரியர்:
அளந்தார் என்பது சரியன்று, சகோதரி. 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 844ஆம் பிரிவு, புராட்டஸ்டன்ட் சபையினருக்கு நற்கருணை தர, சாவு ஆபத்து போன்ற கடும் தேவையில், தம் சபைப் பணியாளரை அணுக முடியாதவர் தாமாகவே கேட்டு, நற்கருணை பற்றிய கத்தோலிக்க விசுவாசத்தையும் ஏற்றால்தான் வழிவிடுகிறது. நண்பரின் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் திருவிருந்துக்கு (நற்கருணைக்கு அவர்கள் சொல்லும் பெயர்) வரிசை முழுவதும் எழுந்தபோது, உட்கார்ந்தே இருந்த என்னைத் தாண்ட முடியாமல் ஒரு பாட்டி தயங்கி நின்றது எனக்கும் மறக்கவில்லை. கலப்புத் திருமணக் குடும்பத்தினர் ஒரு வாரம் முன்பே பங்குத்தந்தையைச் சந்தித்து, உறவினர்கள் மார்பில் கைகளைக் குறுக்காக வைத்து ஆசீர் மட்டும் பெறலாமா என்று கேட்டறிந்து, அதைப் பெரியவர்களிடம் வீட்டிலேயே பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்கும் விளக்கிவிட்டால், பீடத்தின் முன்னால் யாருக்கும் சங்கடம் நேராது.

நெல்லைப் பேத்தி:
ஆசிரியர் ஐயா, வேறு சபையினர் சேர்ந்து நற்கருணை பெறலாமா என்ற இதே கேள்வியை 2015 நவம்பரில் உரோமையில், புராட்டஸ்டன்ட் பிரிவான லூத்தரன் சபையின் ஆலயத்தில் ஒரு பெண் கேட்டபோது, ஆண்டவரோடு பேசி முன்னே செல்லுங்கள், இதற்குமேல் சொல்ல எனக்குத் துணிவில்லை என்ற பொருளில் பதிலளித்தவர் திருத்தந்தை பிரான்சிஸ். அவருக்கே வராத துணிவு நமக்கு எதற்கு? ஆனால் எங்கள் சி.எஸ்.ஐ. பக்கம் மட்டும் கதவு திறந்தே கிடப்பதாகவும் எண்ண வேண்டாம். திருவிருந்தில் சேரும் முன் பேராயர் கை வைத்து ஜெபிக்கும் திடப்படுத்தல் சடங்குக்கான வகுப்பில், விசுவாசிகள் அனைவரும் 'ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்' என்று வேதத்தில் பேதுரு எழுதியிருக்க, பேராயர் தலையில் கை வைத்தால்தான் திருவிருந்து என்பது ஏன் என்று பதினைந்து வயதில் கேட்டேன். ஐயர் (எங்கள் சபைப் போதகர்) புத்தகத்தை மூடிவிட்டு, "நீ அடுத்த வருஷம் வாம்மா" என்றார். உடன் படித்தவர்கள் வெள்ளை உடையில் முழங்காலிட்ட அன்று நான் பின் இருக்கையில் இருந்தேன்.

ஆற்றங்கரை:
வீட்டிலேயே சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள், ஐயா. அப்பாவுக்கு அந்த விதி தெரியும். பேரனோடு ஒரே நாளில் வாங்க வேண்டும் என்று முந்தின இரவு அம்மாவிடம் சொன்னாராம்.