மரம் செதுக்கப் பழக 12 உளி செட் வாங்கலாமா?

புதுக்கை:
எல்லோருக்கும் வணக்கம். நாள் முழுக்கத் திரையையே பார்க்கிற வேலை எனக்கு, சாயங்காலத்தில் கையால் ஏதாவது செய்தால் தேவலை என்று தோன்றுகிறது. மரத்தில் சின்னப் பறவை, பொம்மை, முடிந்தால் முகம், இந்த மாதிரி செதுக்க ஆசை. தச்சு வேலை சுத்தமாகத் தெரியாது. ஆன்லைனில் 12 உளி உள்ள செட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், பழைய கட்டிலைப் பிரித்த தேக்குத் துண்டுகளும் வீட்டில் கிடக்கின்றன. இதை வைத்து ஆரம்பிக்கலாமா? மெஷின் எதுவும் வேண்டாம், சத்தம் போட முடியாத வீடு.

சீவல்:
செட்டை இப்போது வாங்காதீர்கள். மலிவான செட்டில் வரும் உளிகள் பெரும்பாலும் சரியான கூர் இல்லாமல்தான் வரும், 12 உளியையும் தீட்டிக்கொண்டிருந்தால் செதுக்குவது எப்போது? மடக்காத கத்தி ஒன்று போதும், அலகு சுமார் 4 செ.மீ. இருக்கட்டும், பிடி உங்கள் உள்ளங்கைக்கு அடங்க வேண்டும். அதற்கும் முன்னால் வாங்க வேண்டியது வெட்டுத் தடுப்புக் கையுறை, மரத்தைப் பிடிக்கிற கைக்கு. ஆனால் அது அலகு இழுத்தால்தான் காக்கும், முனை குத்தினால் உள்ளே இறங்கிவிடும்.

தேக்கை ஓரமாக வையுங்கள். அதில் சிலிக்கா இருக்கிறது, கத்தியின் கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும், பழைய கட்டில் என்றால் உடைந்த ஆணி வேறு உள்ளே இருக்கலாம். குமிழ், வெட்பாலை, பாஸ்வுட், இந்த மென்மையான மரங்களில் கிடைப்பதை எடுங்கள். பால்சா மரம் இன்னும் மிருதுவாக இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள், வெட்டுப்படுவதற்குப் பதில் நசுங்கும்.

புதுக்கை:
நன்றி. அப்படியானால் முதல் நாள் என்ன செதுக்குவது?

ரேகைபார்த்தான்:
முதல் நாள் எதுவும் செதுக்க வேண்டாம், சும்மா சீவுங்கள். ஒரே கட்டையில் ஒரு பக்கத்திலிருந்து சீவினால் சுருள் சுருளாக வரும், சீவிய இடம் பளபளக்கும். அதே இடத்தில் எதிர்ப்பக்கமிருந்து சீவினால் கத்தி தானாக உள்ளே இழுத்துக்கொண்டு போகும், மரம் பிளந்து சிம்பு எழும்பும். ரேகை, அதாவது மரத்தின் நார், எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைக் கைக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. அப்புறம் பறவைக்குப் போங்கள். கட்டையின் நீளவாக்கில் ரேகை ஓடுகிறதா என்று பார்த்து, வயிறு பருத்த இடத்திலிருந்து பறவையின் மூக்குப் பக்கம் ஒரு சீவல், அதே இடத்திலிருந்து வால் பக்கம் ஒரு சீவல். எப்போதும் பருத்த இடத்திலிருந்து மெலிந்த இடத்துக்குத்தான், திருப்பிச் செய்தால் வால் உடையும். கண், இறகெல்லாம் கடைசியில். மொத்த உருவமும் வருவதற்குள் கண்ணைச் செதுக்க உட்காருகிறவர்கள்தான் அதிகம்!

கையைத் தோளிலிருந்து வீசாதீர்கள். மரம் பிடித்த கையின் கட்டைவிரலைக் கத்தியின் முதுகில் வைத்து மெல்லத் தள்ளினால் கத்தி அரை அங்குலத்துக்கு மேல் போகாது, வழுக்கினாலும் பயமில்லை.

கூர் விஷயம். பழைய தோல் பெல்ட் ஒரு துண்டைச் சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி பலகையில் ஒட்டி, பச்சை பாலிஷ் கட்டியைத் தேய்த்துவிடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை கத்தியைப் படுக்க வைத்து, கூர் பின்னால் வரும்படி இழுங்கள், முடிக்கும்போது தூக்கக் கூடாது, தூக்கினால் கூர் உருண்டுவிடும். சீவிய இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு தொடர்ந்து விழுகிறதா, கத்தியின் கூரில் எங்கோ சின்னதாக உடைந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குத் தோல் போதாது, சாணைக்கல்தான்.

கொட்டாப்புளி:
ஒரு கத்தி போதும் என்பது பறவைக்குச் சரி. அவர் முகமும் கேட்டிருக்கிறாரே, மூக்கோரம், கண்குழி எல்லாம் வெறும் கத்தியில் செய்வது வீண் பிடிவாதம். பின்னால் ஒரு வி வாய் உளியும் வளைந்த வாய் உளியும் தனித்தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் உளியைத் தள்ளுகிறபோது மரத்தைக் கையில் பிடிக்காதீர்கள், மேசையோடு கவ்வி போட்டு இறுக்குங்கள்.

புதுக்கை:
வெட்டிப் போட்ட பச்சைக் கிளையை எடுக்கலாமா? வெட்ட மிருதுவாக இருக்குமே.

சீவல்:
எடுக்கலாம், ஆனால் அரளியாக இருந்தால் தொடாதீர்கள், விஷம். கிளையை முழுசாகச் செதுக்கினால் காயும்போது வெடிக்கும், ஏனென்றால் மரம் அதன் ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நடுவில் பிளந்து, கிளையின் நட்டநடுவில் ஓடும் மென்மையான உள்தண்டை முழுக்கச் சீவி எறிந்துவிட்டுச் செதுக்குங்கள். வேலை பாதியில் நின்றால் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், மெதுவாகக் காயட்டும்.

கடைசியில் பூச ஆளி விதை எண்ணெய் நல்லது. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கொட்டாப்புளி:
உப்புத்தாள் போட்டால் முகக்கவசம் மறக்காதீர்கள். செதுக்கிக்கொண்டிருக்கும்போது நடுவில் உப்புத்தாள் போடவே வேண்டாம், அந்தத் துகள் மரத்தில் ஒட்டிக்கொண்டு கத்தியைக் கெடுத்துவிடும்.