மஸ்கிக்குச் சின்ன இரை: எவ்வளவு சின்னது வரை போகலாம்?

வெறுங்கை வேந்தன்:

அமெரிக்காவின் மினசோட்டாவில், மினியாபோலிஸ் பக்கம் இருக்கிறேன். மின்னடோங்கா ஏரியில் மஸ்கிக்கு, அதாவது மஸ்கலஞ்சு என்னும் பெரிய வேட்டை மீனுக்கு, அலைவது இது மூன்றாவது வருடம். முதல் வருடம் ஒன்றுமில்லை. இரண்டாம் வருடம் ஒரே ஒரு மீன், 38 அங்குலம். இந்த வருடம் ஜூன் முதல் சனிக்கிழமை சீசன் திறந்ததிலிருந்து ஐந்து முறை போயாயிற்று. படகு வரைக்கும் பின்னாலேயே வந்து, என்னையும் இரையையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனவை நான்கு. வாய் திறந்தது ஒன்றுகூட இல்லை. பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மஸ்கி என்பார்கள். என் தோள்பட்டையைக் கேட்டால் இருபதாயிரம் தாண்டிவிட்டது என்று சொல்லும்.

என்னிடம் இருப்பதெல்லாம் பெரிய இரைகள். 10-ஆம் எண் சுழல் தகடு இரட்டையாக வைத்த பக்டெயில் (மயிர்க்குஞ்ச இரை), முக்கால் அடி நீள ரப்பர் இரையான புல்டாக், அந்த மாதிரி. எட்டரை அடி ராடு (தூண்டில் கழி), 80 பவுண்டு பிரெய்ட், அதாவது பின்னல் நரம்பு. இரண்டு மணி நேரம் வீசினால் மறுநாள் சட்டை மாட்ட வலது கை ஏறாது.

போன சனிக்கிழமை நடந்ததுதான் இந்தக் கேள்விக்குக் காரணம். என்னோடு வந்த நண்பர் மஸ்கியைப் பற்றிக் கவலையே படாதவர். பாஸ் மீனுக்காக 10 செ.மீ. ஹஸ்கி ஜெர்க்கை (குட்டி மீன் வடிவ இரை) 12 பவுண்டு நரம்பில் கட்டி, பாசி ஓரமாகப் போட்டு, இரண்டு தட்டு தட்டி நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில், படகிலிருந்து பத்தடி தள்ளி, பச்சையாக ஒரு பலகை பக்கவாட்டில் திரும்பியது போல இருந்தது. ராடு ஒரு முறை வளைந்து நிமிர்ந்தது. நரம்பு நுனியைப் பார்த்தால் கத்தரியால் வெட்டியது மாதிரி. அதே பாசி ஓரத்தில் அரை மணி நேரமாக நான் புல்டாக்கை வீசிக்கொண்டிருந்தேன்.

மஸ்கிக்குச் சின்ன இரை போடுவது சரியா? எவ்வளவு சின்னது? பாஸ் ராடே போதுமா, இன்னொன்று வாங்க வேண்டுமா? வீட்டில் ஏற்கெனவே ராடுகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

பாசிக்காட்டான்:

தம்பி, உங்கள் நண்பருக்கு அன்று நடந்தது அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. ஜூன் மாதத்துக்கு அந்த மாதிரிச் சின்ன இரைதான் சரி.

மஸ்கி முட்டையிட்டு முடித்து ரொம்ப நாள் ஆகியிருக்காது. ஆழம் குறைந்த குடாக்களிலும் புதிதாக எழும் பாசியிலும்தான் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே அதன் வாய்க்கு அகப்படுவது சின்ன பெர்ச், ப்ளூகில் மீன்கள். எல்லாம் விரல் நீளம், உள்ளங்கை அகலம். அந்த நேரத்தில் முக்கால் அடி ரப்பர் வந்து தொப்பென்று விழுந்தால், பார்க்க வரும், தின்ன வராது. உங்களைப் பின்தொடர்ந்த நான்கும் அதைத்தான் செய்திருக்கின்றன.

மின்னடோங்காவுக்கு இன்னொரு சங்கதி உண்டு. 2010-இல் அந்த ஏரியில் வரிச்சிப்பி, அதாவது ஜீப்ரா மஸ்ஸல், கண்டுபிடிக்கப்பட்டது. அது தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர். தண்ணீர் தெளியத் தெளிய மீன் இரையை நின்று நிதானமாகச் சோதித்துப் பார்க்கிறது. கோடையில் அங்கே ஓடும் படகுகளையும், ஒவ்வொரு படகிலிருந்தும் விழும் இரட்டைத் தகடு பக்டெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மீன் உங்கள் இரையை ஏற்கெனவே பத்து முறை பார்த்திருக்கும். குளிர்க்காற்று அடித்து வானம் நீலமாக வெளுத்த மறுநாளும் இதே கதைதான், மந்தமாகிவிடும். இந்த மூன்று சமயத்திலும் நான் பெரிய பெட்டியைத் திறப்பதே இல்லை.

பெரிய மீன் சின்ன இரைக்கு வராது என்று யாராவது சொன்னால், கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சாதனையைக் காட்டுங்கள். 1988 அக்டோபர், ஜார்ஜியன் பேயில் மூன் ரிவர் பக்கம், கென் ஓ'பிரையன் பிடித்த 65 பவுண்டு மஸ்கி, 58 அங்குல நீளம். அவர் போனது வால்ஐ மீனுக்கு. இழுத்துக்கொண்டு போனது 4 அங்குல ரப்பாலா இரை.

என் சின்னப் பெட்டியில் இருப்பது: 5-ஆம் எண் தகடு வைத்த மெப்ஸ் மஸ்கி கில்லர் இரண்டு (முக்கால் அவுன்ஸ்தான், ஆனால் தண்ணீரில் இழுத்தால் கைக்குத் துடிப்பு தெரியும்), 12, 14 செ.மீ. ஹஸ்கி ஜெர்க், ஒரு அவுன்ஸ் ஸ்பின்னர்பெய்ட் (கம்பியில் தகடு சுழலும் இரை). இதற்குக் கீழே போக வேண்டாம். ஸ்பின்னர்பெய்ட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒற்றை முள், மேல்நோக்கி நிற்கும், பாசிக்குள் விட்டாலும் பாதி நேரம் சுத்தமாகத் திரும்பி வரும். ட்ரெபிள் முள், அதாவது மூன்று கொக்கி முள், வைத்த சின்ன இரையைப் பாசியில் இழுத்தால் ஒவ்வொரு வீச்சுக்கும் கீரை ஆய வேண்டியதுதான்.

ராடு: உங்கள் எட்டரை அடி ராடில் முக்கால் அவுன்ஸைக் கட்டினால் ராடு வளையவே வளையாது, இரை காலடியில் விழும். பாஸ் ராடும் வேண்டாம். ஏழரை அடி, ஹெவி, 50 அல்லது 65 பவுண்டு பிரெய்ட். ஆமாம், இன்னொரு ராடுதான். வீட்டில் என்ன சொல்வது என்பது உங்கள் பாடு.

எட்டு போடுவதில், அதாவது பின்னால் வரும் மீனுக்காகப் படகோரத்தில் ராடு நுனியால் இரையை 8 வடிவில் சுற்றுவதில், ஒரு திருத்தம். லைசென்ஸுக்கு வண்டியில் எட்டு போட்ட ஆட்கள் எல்லாரும் செய்யும் தப்பு, திருப்பத்தைக் குறுக்கிவிடுவது. பெரிய பக்டெயில் என்றால் மீன் அதன் அதிர்வை விடாமல் பிடித்துக்கொண்டு திரும்பிவிடும். சின்ன இரை குறுகலாகத் திரும்பினால் மீனின் கண்ணிலிருந்து நழுவிவிடும், நேராகப் படகுக்கடியில் போய்விடும். ராடு நுனியைத் தண்ணீருக்குள் ஒரு முழம் அமுக்கி, வாசல் நிறையக் கோலம் போடுவது மாதிரி அகலமாகத் திருப்புங்கள்.

நீர்க்காகம்:

அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஒன்றை மட்டும் வேகமாகத் தாண்டிவிட்டார். இரைதான் சின்னது, மீன் சின்னது இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், 41 அங்குல மீன், 10 செ.மீ. மின்னோ இரை. பெரிய இரையாக இருந்தால் வாய் ஓரத்தில் குறுக்காக மாட்டும். இதை முழுசாக உள்ளே வாங்கிவிட்டது. வலைக்குள் வாயைத் திறந்து பார்த்தால் இரையின் வால் மட்டும் தெரிகிறது, பின் முள் செவுள் வளைவில். என்னிடம் இருந்தது வால்ஐ மீனுக்கு வைத்திருந்த குட்டைக் குறடு. நாலு நிமிடம் தடவினேன். வலைக்குள் தண்ணீர் டீத்தண்ணி நிறத்துக்கு வந்தது. கடைசியில் நீந்திப் போனது, பிழைத்ததா தெரியாது. அன்றைக்கு நான் அதற்கு மேல் வீசவில்லை.

அதனால் ராடு வாங்குவதற்கு முன்னால் கம்பி வெட்டும் கட்டர் வாங்குங்கள். முள்ளைக் கழற்றப் போராடாதீர்கள், வெட்டுங்கள். ட்ரெபிள் முள் மலிவு. குறடு ஒரு அடி நீளமாவது இருக்கட்டும். வாயைத் திறந்து பிடிக்க ஒரு ஸ்ப்ரெடர். வலை பெரியது, ரப்பர் பூசியது. மீனை வலையோடு தண்ணீரிலேயே வைத்து வேலையை முடிக்கலாம். மினசோட்டாவில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை எப்படியும் விட்டுத்தான் ஆக வேண்டும், உயிரோடு விடுவோம்.

லீடர், அதாவது மீன் பல்லால் அறுக்காதபடி இரைக்கு முன்னால் கட்டும் தடித்த துண்டு, இல்லாமல் போடவே கூடாது, உங்கள் நண்பருக்கு நடந்தது அதுதான். ஆனால் பெரிய இரைக்குப் போடும் தடித்த கம்பி லீடரை இதில் மாட்டினால் இரை மூக்கைக் குத்திக்கொண்டு மூழ்கும். 80 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு, ஒரு அடி, இரையை மாட்ட ஒரு சின்ன ஸ்னாப் கொக்கி. போதும்.

முள்ளும் அப்படித்தான். கடையிலிருந்து வரும் முள் பாஸுக்கு அளவெடுத்தது, மஸ்கி தலையை ஒரு உதறு உதறினால் நிமிர்ந்துவிடும். ஆசைப்பட்டு இரண்டு அளவு பெரியதாக மாற்றினேன். ஹஸ்கி ஜெர்க் நிறுத்தினால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், அதுதான் அதன் வித்தை. என்னுடையது கல் மாதிரி இறங்கியது. அப்புறம் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, முள்ளை மாற்றி மாற்றி மிதக்கவிட்டுப் பார்த்தேன். அதே அளவில் தடித்த கம்பி முள், முள்ளை மாட்டும் ஸ்ப்ளிட் ரிங் வளையமும் ஒரு படி கனம். அவ்வளவுதான் அது தாங்கும். மனைவி கதவைத் தட்டி என்ன சத்தம் என்று கேட்டார், அலுவலக வேலை என்றேன்.

லேசான ராடு என்பதால் மீனை விளையாடவிட்டு ரசிக்காதீர்கள். எவ்வளவு சீக்கிரம் வலைக்கு வருகிறதோ அவ்வளவு நல்லது. தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் மஸ்கிப் பக்கமே போகாதீர்கள்.

கடாமீசை:

ஜூனில் சரி. இதையே அக்டோபரிலும் பிடித்துக்கொண்டு தொங்கினால் யானைப் பசிக்குச் சோளப்பொரி. நான் மில் லாக்ஸ் ஏரி ஆள். இலையுதிர் காலத்தில் டலிபி மீன் முட்டையிடக் கூட்டம் கூட்டமாகப் பாறைப் பக்கம் வரும், மஸ்கி அதற்காகக் காத்திருக்கும். அந்த டலிபியே ஒரு அடிக்கு மேல். மாநிலச் சாதனை மீன், 55 பவுண்டு 14.8 அவுன்ஸ், 2021 நவம்பரில் இங்கேதான் பிடிபட்டது. அந்த மாதத்தில் நான் முக்கால் அவுன்ஸோடு நின்றால் பக்கத்துப் படகுக்காரர் சிரிப்பார். ஒன்டாரியோ 65 பவுண்டு கதையை எல்லாரும் சொல்கிறார்கள். அது வால்ஐ தேடிப் போனவருக்கு விழுந்த மீன், மஸ்கி தேடிப் போகிறவருக்கு வழிகாட்டி ஆகாது.

பாசிக்காட்டான்:

கடாமீசை, அதுவும் அக்டோபர்தான் ஐயா.

கடாமீசை:

ஒரு மீன். நூறு காட்டுங்கள், பெட்டியை மாற்றுகிறேன்.

வெறுங்கை வேந்தன்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வந்திருக்கிறேன், நடந்ததைச் சொல்கிறேன்.

கட்டர் முதலில் வாங்கினேன், ராடு அப்புறம். நான்கு முறை போனேன். சின்ன இரையின் ஒரு தொல்லையை நீங்கள் யாரும் சொல்லவில்லை: ஏரியில் வாய் இருக்கும் எல்லாம் கடிக்கிறது. முதல் நாள் ஐந்து பைக் மீன், மூன்று பாஸ், ஒரு முறை வெறும் சிப்பிக் கொத்து. ஒவ்வொரு பைக்கும் அடிக்கும்போது நெஞ்சு ஒரு முறை நின்று போகிறது, படகுப் பக்கம் வந்ததும் ஏமாற்றம்.

மூன்றாவது முறை, மழை விட்ட மாலை, மஸ்கி கில்லர், கறுப்பு மயிர், செம்புத் தகடு. பாசி ஓரத்தில் இரண்டு வீச்சு. மூன்றாவதில் பின்னால் ஒரு நிழல். நீங்கள் சொன்னபடி ராடு நுனியை அமுக்கி அகலமாகத் திருப்பினேன். முதல் திருப்பத்தில் கூடவே வந்தது. இரண்டாவதில் செவுள் விரிந்தது, உள்ளே வெள்ளை தெரிந்தது, தகடு சுற்றும் துடிப்பு கையில் சட்டென்று நின்றுவிட்டது. அவ்வளவுதான். இடி மாதிரி ஒன்றும் இல்லை. நான்தான் ஒரு நொடி முழித்துக்கொண்டு நின்றேன்.

43 அங்குலம். முள் கடைவாய் ஓரத்தில் சுத்தமாக மாட்டியிருந்தது, குறடு ஒரு திருகில் எடுத்துவிட்டது, கட்டருக்கு வேலையில்லை. படம் எடுக்க நண்பரைக் கூப்பிட்டால் அவர் அந்தப் பக்கம் ஒரு ப்ளூகில்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வால் பக்கம் பிடித்திருந்தேன், இரண்டு உதறலில் போய்விட்டது. படம் இல்லை, நம்பினால் நம்புங்கள்.

தோள் வலி குறைந்திருக்கிறது. நீர்க்காகத்துக்கு ஒரு கேள்வி: 14 செ.மீ. ஹஸ்கி ஜெர்க்குக்கும் அதே முள் கணக்குதானா, இல்லை அது இன்னும் கொஞ்சம் தாங்குமா? எங்கள் வீட்டில் குளியல் தொட்டி கிடையாது.