லேபிள் பட்டாலே அழுறான், ஆனா நாள் முழுக்க சுவர்ல போய் இடிக்கான். ஊஞ்சல் கட்டினா சரி வருமா?

கல்லடி_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். மகனுக்கு அஞ்சு வயசு, வாற வருஷம் ஆண்டு ஒண்டு. சட்டைட கழுத்துல இரிக்கிற லேபிள் பட்டாக் காணும், பூரான் கடிச்ச மாதிரிக் கத்துவான், எல்லாச் சட்டைலயும் வெட்டி எடுத்திட்டன், இப்ப வெட்டின இடத்துல மிஞ்சின நூலும் குத்துதாம். நகம் வெட்டுறது நித்திரைலதான். சலூன்ல மிஷின் சத்தம் கேட்டா காதைப் பொத்திக்கிட்டு ரோட்டுக்கு ஓடுறான். போன வைகாசி கண்ணகை அம்மன் குளிர்த்திக்குக் கூட்டிப் போனன், பறைச் சத்தம் தொடங்கினதும் என்ட சீலைக்குள்ள தலைய விட்டவன், வீட்ட வந்துதான் எடுத்தான்.

ஆனா அதே புள்ள வீட்டுக்குள்ள சும்மா சுத்துறான், செட்டில இருந்து பாயிறான், வேணுமெண்டே சுவர்ல போய் இடிக்கான், தங்கச்சியக் கட்டிப்பிடிச்சா அவள் அழுற அளவுக்கு இறுக்குறான். மாமி என்னண்டா நான் செல்லம் குடுத்துக் கெடுத்திட்டனாம். டீச்சர் குழப்படி எண்டுறா. கூட வேலை செய்யிற பிள்ளை ஒண்டுதான் இது சென்சரி பிரச்சினையா, அதாவது தொடுகை, சத்தம் மாதிரி உணர்வுகள மூளை எடுக்கிற விதத்துல வாற பிரச்சினையா இரிக்கலாம் எண்டு சொன்னா. நெட்ல தேடினா பாரம் வெச்ச போர்வை, கூடாரம், ஜெல் பந்து எண்டு காட்டுது, விலையப் பாத்து மூடி வெச்சிட்டன். வளவுல புளிய மரம் ஒண்டு இரிக்கு, ஊஞ்சல் கட்டலாம். அது காணுமா?

அக்கரைப்பற்று_வாப்பா:
தங்கச்சி, என்ட மகளுக்கு இப்ப எட்டு வயசு, நீங்க எழுதினத வாசிக்கக்குள்ள நம்மட வீட்டக் கண்ட மாதிரி இரிந்திச்சி. முதல்ல காதைக் காட்டுங்க. கேக்கிறதுல குறை இரிந்தாலும் காதுக்குள்ள சீழ் இரிந்தாலும் புள்ளைகள் இப்பிடித்தான் செய்யும், அதப் பாத்து முடிச்சிட்டு மத்ததப் பாருங்க.

ஊஞ்சல் நல்லந்தான், ஆனா நம்மட மகளுக்கு ஊஞ்சல விட பாரம் தூக்கிறதுதான் கைகொடுத்தது. கிணத்தடில இருந்து சின்ன வாளில அரை வாளி தண்ணி எடுத்து முருங்கைக்கு ஊத்துறது அவட வேலை. பின்னேரம் அத முடிச்சிட்டு வந்தாண்டா ராவைக்கு ஒரு சண்டையும் இல்ல. காலைல புட்டுக்கு மா குழைக்க விடுவன், முதல்ல கரண்டியால, மறுகா ஒரு விரலால, மூணு மாசம் பிந்தித்தான் முழுக் கையையும் வெச்சா.

நான் செஞ்ச பிழையையும் சொல்றன். கடற்கரை மணல் காலுல பட்டா அழுவா எண்டுட்டு, பழகட்டும் எண்டு ஒருநாள் செருப்பக் கழட்டி மணல்ல இறக்கி விட்டன். ஒரு வருஷம் கடல் பக்கமே வரல்ல.

ஊர்ப்பெருசு:
எங்கட காலத்துல இந்தப் பேரெல்லாம் எங்க இரிந்தது. மணலுக்குள்ள விடுங்க, மழைக்குள்ள விடுங்க, தானாப் பழகிருவான். போனக் குடுத்து வீட்டுக்குள்ள வளக்கிறதால வாற வருத்தம் இது.

தெரப்பி_அக்கா:
நான் ஒக்கியுபேஷனல் தெரப்பி, அதாவது அன்றாட வேலைகளச் செய்யப் பழக்கிற சிகிச்சை செய்யிற ஆள், புள்ளையப் பாக்காம இன்னதுதான் எண்டு சொல்ல ஏலா, பொதுவாச் சொல்றன்.

ஊர்ப்பெருசு ஐயா, உங்கட காலத்துப் புள்ளைகள் மரம் ஏறி, கிணத்துல தண்ணி அள்ளி, கிளித்தட்டு மறிச்சி ஓடி, உடம்புக்குத் தேவையானத தானாவே எடுத்தாங்க, அதுல உங்களோட ஒத்துப் போறன். வில்லங்கம் "விடுங்க" எண்டுற சொல்லுல. பயந்த புள்ளையத் தூக்கிப் போட்டா பழகாது, மேல வாப்பா எழுதினத திரும்ப வாசிங்க.

கல்லடி அம்மா, தொடுறது, கேக்கிறது நமக்குத் தெரியும். தெரியாத ரெண்டு இரிக்கு. ஒண்டு உள்காதுல இரிக்கிற சமநிலை உணர்வு, தலை எந்தப் பக்கம் அசையுது எண்டு சொல்றது. மத்தது தசையும் மூட்டும் சொல்ற செய்தி, கை கால் எங்க இரிக்கு, எவ்வளவு அழுத்துறம் எண்டது. உங்கட மகன் சுவர்ல இடிக்கிறதும் தங்கச்சிய இறுக்கிறதும் அந்த ரெண்டாவதத் தேடுறதா இரிக்கலாம். லேசான தொடுகை அவனுக்கு எரிச்சல், அழுத்தமான தொடுகை ஆறுதல். அதால தலையத் தடவாதீங்க, தோள்ல அமத்திக் கை வைங்க, அதுவும் அவன் பாக்கக்குள்ள, பின்னால வந்து வேணாம்.

ஊஞ்சல் பத்தி: முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே தாளத்துல மெதுவா ஆடுறது அனேகமான புள்ளைகளை அடக்கும். கயித்த முறுக்கி விட்டுச் சுத்துறது உசுப்பிவிடும், படுக்கப் போக முன்னுக்கு அது வேணாம். முகம் வெளிறினா, வேர்த்தா, சத்தி வாற மாதிரி இரிந்தா உடனே நிப்பாட்டுங்க. வலிப்பு வருத்தம் இரிக்கிற புள்ளையெண்டா டொக்டரக் கேக்காம சுத்த விடவே வேணாம். உயரத்தக் குறைச்சி, கால் நிலத்துல முட்டுற மாதிரிக் கட்டி, கீழ மணலப் போடுங்க. ஆட்டுறதும் நிப்பாட்டுறதும் அவன்ட கைல இரிக்கட்டும்.

பாரம் வெச்ச போர்வைக்குக் காசு செலவழிக்க வேணாம். 2014ல இங்கிலாந்துல ஓட்டிசம் (மத்தவங்களோட பழகிறது, கதைக்கிறது வித்தியாசமா இரிக்கிற வளர்ச்சி நிலை) உள்ள புள்ளைகளுக்குக் குடுத்துப் பாத்தாங்க, நித்திரை நேரம் கூடல்ல, ஆனா புள்ளைகளுக்கும் தாய் தகப்பனுக்கும் அது புடிச்சிரிந்தது. வீட்டுல பாய்ச்சுருட்டு விளையாடுங்க: பெட்சீட்ட விரிச்சி அவனப் படுக்க வெச்சி ரொட்டி சுருட்டுற மாதிரிச் சுருட்டுறது. தலையும் முகமும் கட்டாயம் வெளிய, "காணும்" எண்ட உடனே அவிழ்க்கணும். பன்பாய்ல தொடங்காதீங்க, அது சொரசொரக்கும், லேபிளுக்கே அழுறவன்.

இன்னொண்டும் ஒளிக்காமச் சொல்லணும். இந்தச் சென்சரி இன்டகிரேஷன், அதாவது உணர்வுகள மூளை ஒண்டாச் சேத்து எடுக்கிறது எண்டுற கருத்த ஜீன் ஐயர்ஸ் எண்ட அமெரிக்க தெரப்பிஸ்ட்தான் கொண்டுவந்தவ, அவட முக்கியமான புத்தகம் 1972ல வந்தது. ஆனா இதத் தனி வருத்தமாப் பேர் வைக்க வேணாம் எண்டு அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் சங்கம் 2012லயே சொல்லிட்டு, பின்னுக்கு ஓட்டிசம், ஏடிஎச்டி (கவனம் நிக்காம துடிதுடிப்பா இரிக்கிறது) மாதிரி வேற என்னவும் இரிக்கா எண்டு பாக்கணுமாம். அவங்களே தெரப்பிய வேணாமெண்டு சொல்லல்ல, ஆதாரம் கொஞ்சந்தான், பலன் இரிக்கா எண்டு பாத்துப் பாத்துச் செய்யுங்க எண்டாங்க. அதால கதைக்கிறது, கூப்பிட்டாத் திரும்புறது, மத்தப் புள்ளைகளோட சேருறது எப்பிடி எண்டும் கவனிங்க. மிட்வைப் மிஸ்ஸிட்டயோ எம்ஓஎச் எண்டுற சுகாதார வைத்திய அதிகாரிட ஒபிஸ்லயோ கேட்டு, பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு எடுத்துக் காட்டிருங்க.

களுவாஞ்சி_டீச்சர்:
நான் ப்ரீஸ்கூல் டீச்சர், "குழப்படி" எண்டு நானும் சொல்லியிரிக்கன், அதால வெக்கத்தோடதான் எழுதுறன். போன வருஷம் இப்பிடி ஒருத்தன் வந்தான். வரிசைல நடுவுல விட்டா முன்னுக்கு நிக்கிறவனத் தள்ளுவான், முட்டுப்படுறது அவனுக்கு ஏலா எண்டு எனக்குப் பிந்தித்தான் விளங்கினது. கடைசில விட்டன், தள்ளுறது நிண்டுட்டு. கதை சொல்ல முன்னுக்கு அவனுக்குத்தான் கதிரை தள்ளுற வேலை. மணி அடிக்க முன்னுக்கு "இப்ப அடிக்கப் போறன்" எண்டு ஒரு பார்வை பாப்பன், அவன் காதைப் பொத்துவான், அவ்வளவுதான். உங்கட டீச்சரோட சண்டை பிடிக்காம இதுல ஒண்ட மட்டும் கேட்டுப் பாருங்க. சலூனுக்கு நேர போகாம, முதல் நாள் வாசல்ல நிண்டு பாத்திட்டு வாங்க, கத்தரிக்கோலால மட்டும் வெட்டச் சொல்லுங்க.

கல்லடி_அம்மா:
மூணு கிழமைக்குப் பிறகு வாறன், எல்லாருக்கும் நன்றி. காதுல ஒண்டும் இல்லையாம், ஆஸ்பத்திரிக்குத் துண்டு எடுத்திட்டம், திகதி அடுத்த மாசம்.

ஊஞ்சல் கட்டினம். முதல் ரெண்டு நாளும் இருக்கவே இல்ல, வெறும் பலகையப் பிடிச்சி ஆட்டி ஆட்டிப் பாத்தான். மூணாம் நாள் வயித்த வெச்சிப் படுத்து, கையால மணலத் தள்ளித் தள்ளி அவனே ஆடுறான், அந்த மணல் கைல ஒட்டுறதப் பத்தி ஒரு கதையும் இல்ல. நான் வாயத் திறக்கல்ல, சொன்னாக் கழுவ ஓடிருவான். மாமிதான் இப்ப பெட்சீட்டுல சுருட்டி விடுறா, சுருட்டக்குள்ள "முட்டை ரொட்டியா, சீனி ரொட்டியா" எண்டு கேட்பா, இவன் உள்ளுக்க இருந்து "சம்பல் ரொட்டி" எண்டு கத்துவான். சலூன் இன்னும் வாசலோடதான் நிக்குது. லேபிளும் அப்பிடியேதான்.

பல்லுத் தீட்டுறதுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்க, பிரஷ்ஷக் கண்டாலே வாய இறுக்கிப் பூட்டிருறான்.

அக்கரைப்பற்று_வாப்பா:
பேஸ்டா பிரஷ்ஷா வில்லங்கம் எண்டு முதல்ல பிரிச்சிப் பாருங்க தங்கச்சி. நம்மடவளுக்கு நுரைதான் ஏலாம இரிந்தது. வெறும் பிரஷ்ஷ ஈரமாக்கி அவட கைல குடுத்திட்டு நானும் பக்கத்துல நிண்டு என்ட பல்லத் தீட்டினன், முதல் கிழமை பிரஷ்ஷக் கடிச்சிக்கிட்டுத்தான் நிண்டா. கடிக்கட்டும், விடுங்க.